ஏழு தரம் கழுவினால் போய்விடும்

நீண்ட பதிவு. கொமென்ட்டில் ஏசுவதற்கு முன் கடைசி வரைக்கும் வாசியுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

நோன்பு மாதத்தில் எங்கள் வீட்டிலிருந்து பக்கத்து ஒழுங்கைக்குப் போன கஞ்சி ஒரு நாள் அப்படியே திரும்பி வந்தது. கொண்டுபோனவன் என் மகன், ஒன்பது வயது. கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி வாசலில் நின்று சொன்னான்: "உம்மா, அவங்களுக்குக் கஞ்சி வேணாமாம். எங்கட வீட்டில நாய் இருக்காம்."

அந்த வீட்டாருடன் எனக்குக் கோபம் இல்லை. அவவுடைய உம்மாவும் என்னுடைய உம்மாவும் புத்தளத்தில் ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளியவர்கள். பெருநாளுக்கு நான் போனேன், அவவும் வந்தா. ஆனால் அந்தக் கோப்பையை வாங்கி வைத்தபோதே இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்தேன். பள்ளிக்கூடம், பரீட்சை, வீட்டு வேலை என்று இவ்வளவு நாளும் இழுபட்டுவிட்டது.

நடந்ததை முதலில் சொல்கிறேன்.

மார்கழி மழை நாளொன்று. ஐந்து சந்திப் பக்கம் ஒரு வான் நாயை அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. நான் வகுப்பு முடிந்து வரும்போது அது வாய்க்கால் ஓரத்தில் கிடந்தது. முன்னங்கால் இரண்டையும் ஊன்றி எழும்பப் பார்க்கிறது, பின்பக்கம் வரவில்லை. சுற்றி ஐந்தாறு பையன்கள். அதில் ஒருவன் சின்னக் கல்லாகப் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தான். "உயிர் இருக்கா எண்டு பாக்கிறன் ரீச்சர்" என்றான். நான் படிப்பித்த பிள்ளை. சூரா ஒன்றும் பிழைவிடாமல் ஓதுவான், கிராஅத் போட்டியில் பரிசு எடுத்தவன். அந்த நாயின் நிலையை விட அந்தக் கல்தான் அன்றைக்கு என்னை நிறுத்தியது என்று உண்மையாகச் சொல்ல வேண்டும். நான் நாய்ப் பிரியை கிடையாது. சின்ன வயதிலிருந்தே எனக்கு நாயென்றால் பயம்.

எங்கள் ஒழுங்கை முனையில் இருக்கிற ஐயா சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார். "பிள்ளை, கிட்டப் போகாதேங்கோ, நோவில கடிக்கும். உங்கட சோலைத் தாங்கோ" என்று வாங்கி, வாயைச் சுற்றி இரண்டு தரம் கட்டி, காதுக்குப் பின்னால் முடிச்சுப் போட்டார். வலியில் கிடக்கிற நாய் வளர்த்தவரையே கடிக்கும், அது அதன் குணத்தைக் காட்டாது என்று பிறகு சொன்னார். யாரோ எறிந்த பழைய அலுமாரிக் கதவொன்று கிடந்தது. அதை அடியில் தள்ளி, முதுகு மடங்காமல் தூக்கினோம். இரண்டு ஓட்டோக்காரர் மாட்டேன் என்றார்கள். மூன்றாவது ஆள் சீற்றுக்குப் பொலித்தீன் விரித்து ஏற்றினார். காசு கொடுக்க, வாங்கவில்லை.

மிருக வைத்தியர் கையால் தடவிப் பார்த்து, இடுப்பெலும்பு வெடித்திருக்கிறது, முள்ளந்தண்டு தப்பிவிட்டது என்றார். வாலை நுள்ளினால் அசைக்கிறது, காலில் உணர்ச்சி இருக்கிறது. இடுப்பைச் சுற்றித் தசை இருப்பதால் அனேகமானவை சத்திரசிகிச்சை இல்லாமலே பொருந்தும். ஆனால் ஆறு கிழமை ஓடாமல், பாயாமல் சின்ன இடத்தில் அடைத்து வைக்க வேண்டும். கழுத்தில் கயிறு அறுத்த பழைய புண் ஒன்றும் இருந்தது. அதற்குள் புழு. அப்படியென்றால் இது ஒரு காலத்தில் யாரோ கட்டி வளர்த்த நாய். குட்டியில் கட்டிய கயிறு, வளர வளரத் தளர்த்த ஆளில்லாமல் இறுகியிருக்கிறது.

"வச்சுப் பாக்க ஆக்கள் இருக்கோ?" என்று வைத்தியர் கேட்டார். ஐயாவின் வீட்டில் அவர் தனி, மனைவி படுத்த படுக்கை. என்னைப் பார்த்தார். என் தலையில் முக்காடு. இந்த ஆளிடம் கேட்கலாமா என்று வைத்தியர் தயங்கியதை நான் கண்டேன். உண்மையாகச் சொன்னால், "நான் பாக்கிறன்" என்று என் வாயில் வந்ததற்கு அந்தத் தயக்கம்தான் காரணம்.

உம்மா வாசலிலேயே மறித்தா. "என்னடி இது, பள்ளிக்குப் போற மனிசர் இருக்கிற வீடு." கடைசியில் கிணற்றடிக்குப் பின்னால் வெறுமையாகக் கிடந்த ஆட்டுக் கொட்டில் என்று முடிவானது. அன்றிரவே உம்மா ஒரு பனடோலை உடைத்துக்கொண்டு வந்து, "நோவுக்குக் குடு, பாவம்" என்றா. மறித்தவவும் அவதான், குளிசை கொண்டு வந்தவவும் அவதான். இதை எல்லாரும் குறித்துக்கொள்ளுங்கள்: எங்கள் பனடோல் நாயின் ஈரலைப் பழுதாக்கும், பூனைக்கு ஒன்றே போதும் சாக. புரூபன், டைக்குளோபினாக் போன்ற நோக் குளிசைகளும் அப்படித்தான். நாய்க்கென்று வைத்தியர் தருகிற மருந்து வேறு. புண்ணில் பெற்றோல் ஊற்றினால் புழு வெளியே வரும் என்பதும் எங்கள் ஊரில் பெரிய வைத்தியம். புழு வரும், கூடவே தோலும் வரும்.

ஆறு கிழமை என்பது கேட்கச் சுகம். முதல் பத்து நாள் அது தானாகத் திரும்பிப் படுக்காது. ஒரே பக்கம் கிடந்தால் படுக்கைப்புண் வரும், மனிதருக்கு வருவது போலவே. நாலு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் சாக்கோடு சேர்த்துப் புரட்ட வேண்டும். காலையில் நான், பகலில் ஐயா வேலியால் வந்து, பின்னேரம் என் நானா, இரவு மறுபடி நான். சலம் போகிறதா என்று பார்க்க வேண்டும், போகாவிட்டால் உடனே வைத்தியரிடம் ஓட வேண்டும். மூன்றாம் நாள் விடியச் சாக்கு நனைந்திருந்ததைக் கண்டு சுபஹுக்கு முன்னால் நின்று அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன். நாயின் சலத்துக்கு அல்ஹம்துலில்லாஹ் சொல்வேன் என்று நான் நினைத்ததே இல்லை. சாப்பாடு சோறும் நாவாந்துறை மீன் தலை அவித்த தண்ணீரும். கோழி எலும்பு வேண்டாம், அவித்த எலும்பு ஊசி மாதிரி உடைந்து குடலைக் குத்தும். செலவு எல்லாம் சேர்த்து என் ஒரு மாதச் சம்பளத்தில் கால்வாசி. அதில் பாதியை ஐயா கட்டாயப்படுத்தித் தந்தார்.

பிள்ளைகள் அதற்குக் கித்மீர் என்று பெயர் வைத்தார்கள். குகைவாசிகளோடு வாசலில் கிடந்த நாய்க்குத் தப்ஸீர்களில் சொல்லப்படுகிற பெயர். குர்ஆனில் பெயர் இல்லை, ஆனால் அந்த நாய் இருக்கிறது, பதினெட்டாவது சூராவில், முன்னங்கால்களை நீட்டியபடி. வெள்ளிக்கிழமை தோறும் எங்கள் வீடுகளில் ஓதுகிற சூரா. ஐயாவுக்கு அந்தப் பெயர் வாயில் வரவில்லை, அவர் ஜிம்மி என்றார். அது இரண்டுக்கும் வாலை ஆட்டியது.

இனி மார்க்க விஷயம். நான் ஆலிமா கிடையாது, ஒரு சாதாரண ஆசிரியை. அதனால் இரண்டாம் நாளே தெரிந்த மௌலவி ஒருவரிடம் நானாவை அனுப்பிக் கேட்டேன். அவர் சொன்னதையும் நான் வாசித்ததையும் சேர்த்து எழுதுகிறேன், பிழை இருந்தால் அறிந்தவர்கள் திருத்துங்கள்.

நாங்கள் ஷாஃபி மத்ஹப். எங்கள் மத்ஹபில் நாய் கடும் நஜிஸ். அதில் பேச்சில்லை. அதன் எச்சிலோ ஈரமோ பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒன்று மண் கலந்த தண்ணீரால். ஆனால் காய்ந்த கை காய்ந்த உடம்பில் பட்டால் நஜிஸ் ஒட்டாது. அது சாப்பிடுகிற பாத்திரம் அதற்கு மட்டும் என்றால் அதை ஏழு தரம் கழுவத் தேவையும் இல்லை. நாங்கள் சிரட்டை வைத்தோம். ஹனஃபி மத்ஹபில் எச்சில்தான் நஜிஸ், உடம்பு இல்லை. மாலிக்கி மத்ஹபில் நாயே சுத்தமான பிராணி. எங்கள் மத்ஹபை விட்டு நான் எங்கும் போகவில்லை. நாலு மாதம் ஒரு பழைய கவுண், ஒரு சோடி செருப்பு, முற்றத்து மண் போட்ட ஒரு வாளி, இவ்வளவும்தான் கூடுதல் வேலை. ஒரு வக்துத் தொழுகையும் தவறவில்லை.

வளர்ப்பது வேறு விஷயம். வேட்டைக்கு, மந்தைக்கு, தோட்டத்துக்குக் காவலாக வைத்திருக்கலாம், காரணமில்லாமல் வைத்திருந்தால் நன்மை குறையும் என்று ஹதீஸ் இருக்கிறது. மலக்குமார் பற்றிய ஹதீஸையும் அறிவேன், அதனால்தான் கிணற்றடிக்குப் பின்னால். ஆனால் அடிபட்ட நாயைச் சுகமாகும் வரை பார்ப்பதற்குப் பெயர் வளர்ப்பது இல்லை, வைத்தியம் என்றார் மௌலவி. தாகத்தில் மண்ணை நக்கிய நாய்க்குச் சப்பாத்தில் தண்ணீர் அள்ளிக் கொடுத்தவருடைய பாவம் மன்னிக்கப்பட்ட செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. இன்னொரு அறிவிப்பில் அது ஊர் தூற்றிய ஒரு பெண். இதை நாங்கள் மத்ரஸாவில் கதையாகச் சொல்கிறோம், படம் கீறச் சொல்கிறோம். அந்தச் சப்பாத்தை அவர் பிறகு என்ன செய்தார் என்று ஒரு பிள்ளையும் கேட்பதில்லை. கழுவியிருப்பார்.

என் அபிப்பிராயம் இதுதான். கழுவுகிற சட்டம் எங்களுக்குத் தரப்பட்டதே நாய் எங்கள் பாத்திரத்தில் வாய் வைக்கும் தூரத்தில் வாழும் என்பதால். பட்டால் என்ன செய்வது என்று மார்க்கம் வழி சொல்லித் தந்திருக்கிறது. நாங்கள் அந்த வழியை விட்டுவிட்டு, அருவருப்பை மட்டும் எடுத்து, அதை மார்க்கம் என்று பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம். கல் எறிந்த பையனுக்கு நஜிஸ் தெரியும், சப்பாத்துக் கதை தெரியும், இரண்டும் ஒரே நாயைப் பற்றியது என்று தெரியாது. அதைச் சொல்லிக் கொடுக்காதது நான் உட்பட ஆசிரியர்களுடைய குறை.

கல்லெறி வெறும் இரக்கப் பிரச்சினையும் இல்லை. கல் பட்டுப் பழகிய நாய்தான் பள்ளிக்கூட வாசலில் ஓடுகிற பிள்ளையைத் துரத்துகிறது. எங்கள் நாட்டில் 1973ஆம் ஆண்டில் மட்டும் 377 பேர் விசர்நாய்க்கடியால் இறந்தார்கள். இன்றைக்கு அது வருடத்துக்கு இருபது, முப்பது என்ற அளவில் வந்திருக்கிறது. இதைச் செய்தது கல் இல்லை, ஊசி. நாய்களுக்கும் கடிபட்டவர்களுக்கும் போட்ட ஊசி. கடித்தால் ஓடும் தண்ணீரில் சவுக்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் பூசிக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது. கித்மீருக்கு முதல் கிழமையே தடுப்பூசி போட்டோம். எங்கள் ஒழுங்கையில் ஊசி போட்ட ஒரே நாய் அதுதான் என்று நினைக்கிறேன். அதைத்தான் எல்லாரும் பயத்தோடு பார்த்தார்கள்.

அடுத்ததைச் சொன்னால் பலருக்குக் கோபம் வரும். பெட்டைக் குட்டிகளைப் பெட்டியில் போட்டுக் கல்லுண்டாய் வெளிக் குப்பைமேட்டுப் பக்கம் விட்டுவிட்டு வருகிறோம். நாங்கள் மட்டும் இல்லை, எல்லாச் சமூகமும் செய்கிறது. ஆனால் பொம்மைவெளியில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், அந்த நாய்கள் அங்கேயே நிற்பதில்லை. இறைச்சிக் கழிவும் உழ்ஹிய்யாக் காலத்துக் குடலும் தோலும் வாய்க்காலில் கிடந்தால் மணம் பிடித்து எங்கள் வாசலுக்கே வரும். பிறகு கட்டாக்காலி நாய்த் தொல்லை என்று மாநகர சபைக்கு மனு எழுதுகிறோம். முந்தின காலம் மாதிரிப் பிடித்துக் கொல்ல முடியாது, 2006இலிருந்து கொல்லாமல் கட்டுப்படுத்துவதுதான் அரசின் கொள்கை. அதற்குக் கருத்தடையும் தடுப்பூசியும் தேவை, இரண்டுக்கும் நாயைப் பிடித்துக் கொடுக்க ஊர் மனிதர் தேவை. மிருகவதைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, 1907ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். அதிகூடிய தண்டப்பணம் 100 ரூபா. இன்றைக்கு அந்தக் காசுக்கு ஒரு றோல்ஸ் வாங்குவதே சந்தேகம்.

இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளை நாய்கள் சரணாலயம் நடத்துகிறது. நல்ல காரியம். ஆனால் குடாநாட்டு நாய் முழுவதையும் ஓரிடம் ஏற்க முடியாது. அடிபட்ட ஒன்றுக்கு ஆறு கிழமை ஒரு கொட்டில் மூலை கொடுக்க ஒழுங்கைக்கு ஒரு வீடு இருந்தால் போதும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

"மனுசருக்கே வழியில்ல, நாய்க்கு வைத்தியமா?" என்று கேட்டவர்கள் பலர். இந்தக் கேள்வியை நான் லேசாகத் தள்ளவில்லை. மீளக் குடியேறி இத்தனை வருஷமாகியும் காணியும் வீடும் இல்லாமல் எங்களில் எத்தனை குடும்பம் என்று எனக்குத் தெரியும், அந்தப் பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். ஆனால் நான் நாயை விட்டிருந்தால் அதனால் ஒருவருக்கும் வீடு கிடைத்திருக்காது. கேட்டவர்களில் ஒருவர் அன்று பின்னேரம் சும்மா சந்தியில்தான் நின்றார்.

ஐயா ஒரு நாள் கொட்டிலில் குந்தியிருந்து கதைத்தார். 1995 ஒக்டோபர் 30, வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் மழையில் இறங்கி நடந்த நாள். அவருடைய நாய் கட்டியிருந்தது. கட்டியபடி விட்டால் செத்துவிடும் என்று அவிழ்த்துவிட்டார். அது பின்னாலேயே வந்தது. செம்மணி வெளியில் சனக்கூட்டத்துக்குள் தவறிவிட்டது. அடுத்த சித்திரையில் திரும்பி வந்து தேடினார். இல்லை.

அதைக் கேட்டுக்கொண்டு உம்மா கிணற்றுக் கட்டில் இருந்தா. அவவுடைய ஒக்டோபர் 30 ஐந்து வருஷம் முந்தியது. 1990. இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளிக்கிடு என்று சொன்ன நாள். நான் கைக்குழந்தை. ஒஸ்மானியா மைதானத்துக்குப் போக முன் உம்மம்மா செய்த கடைசி வேலை, ஆடு மூன்றையும் அவிழ்த்துவிட்டுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பியது. இதே கொட்டில். இதை உம்மா எங்களுக்கு இதுவரை சொன்னதில்லை. ஐயாவுக்குச் சொன்னா. நாயோடு மனிதரை ஒப்பிடுகிறேன் என்று தயவுசெய்து யாரும் எடுக்க வேண்டாம். இவ்வளவு நாள் வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருந்த இரண்டு பேர் அன்றைக்குத்தான் அந்த இரண்டு நாளையும் பற்றிக் கதைத்தார்கள். அடுத்த நாள் உம்மா தானாகவே சிரட்டையில் சோறு வைத்தா. தள்ளி நின்று, கையை நீட்டி வைத்தா, அது வேறு.

இஸ்தான்பூலைப் பற்றி இங்கே எழுத வேண்டும். நூற்றாண்டுகளாகத் தெருநாய்க்குச் சோறும் தண்ணீரும் வைத்த முஸ்லிம் நகரம் அது. அதே நகரம்தான் 1910இல் பல்லாயிரம் நாய்களைப் பிடித்து, தண்ணீர் இல்லாத சிவ்ரியாடா என்ற தீவில் கொண்டுபோய்ப் போட்டது. அவை அங்கே பசியிலும் தாகத்திலும் செத்தன. நகரத்தை நவீனமாக்கப் போகிறோம் என்று சொல்லித்தான் செய்தார்கள். நூறு வருஷம் கழித்தும் அந்த நகரத்து மக்கள் அதை வெட்கத்தோடு நினைக்கிறார்கள். கல்லுண்டாயில் பெட்டி வைக்கிறவர்களுக்கு அந்தத் தீவைப் பற்றிச் சொல்ல வேண்டும் போல இருக்கும்.

ஐந்தாம் கிழமை கித்மீர் எழுந்து நின்றது. பின்கால் இரண்டும் நடுங்க, வாளியில் சாய்ந்துகொண்டு. ஏழாம் கிழமை முற்றத்தில் நடந்தது. இடது இடுப்பு கொஞ்சம் சரிவு, இனி அப்படித்தான் இருக்கும் என்றார் வைத்தியர். கருத்தடையும் செய்து, நோன்புப் பெருநாளுக்குப் பிறகு நீர்வேலியில் வாழைத்தோட்டமும் ஆடுகளும் வைத்திருக்கிற ஒரு குடும்பம் எடுத்துக்கொண்டது. ஐயாவுக்குத் தெரிந்தவர்கள். தோட்டக் காவல், மந்தைக் காவல், எந்த மத்ஹபிலும் குறை சொல்ல முடியாத உத்தியோகம் என்று மௌலவி சிரித்தார். அது போன அன்று எனக்கு நிம்மதியாக இருந்தது என்றுதான் சொல்வேன். பிள்ளைகள் அழுதார்கள். நான் கொட்டிலைக் கழுவினேன், மண் போட்டு.

கல் எறிந்த பையன் ஆறு கிழமையில் நாலைந்து தரம் எங்கள் வேலிக்கு வந்து எட்டிப் பார்த்தான். கடைசித் தரம் வந்தபோது கையில் மாரி பிஸ்கட். காய்ந்த கையால் கொடுத்தால் பிரச்சினை இல்லையா ரீச்சர் என்று கேட்டான். நக்கினால் என்ன செய்வாய் என்று கேட்டேன். சரியாகச் சொன்னான்.

இப்போது இதை எழுதக் காரணம், எங்கள் பள்ளிக்கூடத்து மதிலுக்குப் பின்னால் ஒரு பெட்டை நாய் முன்கால் வீங்கி நொண்டிக்கொண்டு நிற்கிறது. ஐயாவின் மனைவிக்கு மிகவும் ஏலாது, அவரால் இந்தத் தரம் வர முடியாது. என் கொட்டிலில் இப்போது உம்மா ஆடு வாங்கிக் கட்டியிருக்கிறா. வளவில் ஒரு மூலை உள்ளவர்கள், எந்தச் சமயத்தவராக இருந்தாலும், இன்பொக்ஸில் சொல்லுங்கள். புரட்டுவதற்குப் பின்னேரத்தில் நான் வருவேன். பழைய சாக்கும் சிரட்டையும் என்னிடம் இருக்கிறது.